பச்சை டிக் போட்ட பெயர்

என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய செல்போன் எண்ணை மட்டும் நான் விடவில்லை. கேட்பவர்களிடம், காஸ் புக்கிங், பேங்க், கரண்ட் பில் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறது, மாற்ற அலைய முடியாது என்று சொல்வேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அந்தப் போன் பெரும்பாலும் வாய் திறக்காது. சிலிண்டர் வருகிறது என்று எப்போதாவது ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். போன புரட்டாசியில் ஒரே வாரத்தில் அது நான்கு முறை அடித்தது. நான்கும் தெரியாத எண்கள். முதல் மூன்றையும், எதிர்முனையில் ஆண் குரல் கேட்டதுமே துண்டித்துவிட்டேன். இனி யாரும் தேடிப் பேசமாட்டார்கள் என்று தெரிந்த ஒருவரின் போன் திடீரென்று பரபரப்பானால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கத்தான் வேண்டும்.

நான் இயல்பிலேயே சந்தேகக்காரி. தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். தினசரிக் காலண்டரை ஒவ்வொரு வருடமும் யாரும் புதிதாக அடிப்பதில்லை. போன வருடத்து ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே இந்த வருடத்துத் தேதிகளைப் போட்டுக்கொண்டு போவார்கள். எங்காவது ஒரு தாளில் கை தவறிவிடும். போன வருடத்து அமாவாசை இந்த வருடத்துத் தாளில் சட்டமாக உட்கார்ந்திருக்கும். எழுத்துப்பிழை இருக்காது, அச்சு சுத்தமாக இருக்கும், பார்த்தால் யாரும் நம்புவார்கள். அந்த மாதிரித் தப்பைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இருபது வருடம் இதைச் செய்தால் மனுஷியின் குணமும் கொஞ்சம் திரிந்துதான் போகும்.

நான்காவது அழைப்பு வந்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. மோட்டார் ரிப்பேர் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னதால் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அந்த ஆள் கடைசிவரை வரவில்லை. மெக்கானிக்தான் போலிருக்கிறது என்று நினைத்து, எந்தப் போன் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

“சார் இருக்காகளா அக்கா?”

“எந்த சாரு? நீங்க யாரு பேசுறீக?”

அவர் என் கணவரின் பெயரை முழுதாகச் சொன்னார். இனிஷியலோடு.

“விஸ்வநத்தத்துல இருந்து பேசுறேன்க்கா. பட்டாசு கம்பெனியில வேல பாக்குறேன். எம்பொண்டாட்டிய பிரசவத்துக்கு விருதுநகர் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கோம். சாருக்கு ஓ நெகட்டிவ்தானக்கா?”

பெயர் தெரியும், எண் தெரியும், ரத்த வகையும் தெரியும். அடுத்தது ஆதார் நம்பர் கேட்பான், பிறகு போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்பான் என்று என் மனம் வேகமாக ஓடியது. எதிர் வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சரிடம் மின்வாரியத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இப்படித்தான் ஆரம்பித்தார்கள். மின்வாரியத்தை விட்டுவிட்டு இப்போது ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள், பிரசவம் என்றால் பொம்பளை இளகிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“அவுக வெளிய போயிருக்காக” என்றேன்.

“எப்பக்கா வருவாக?”

“வந்துருவாக. வந்ததும் பேசச் சொல்றேன்.”

“சரிக்கா. எம்புட்டு நேரமானாலும் பரவால்ல. நான் இங்கனதான் இருப்பேன்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனியாக இருக்கும் பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. கேபிள்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், நன்கொடை நோட்டு நீட்டுகிறவர், வீடு மாறி வந்துவிட்டேன் என்று கதவைத் தட்டுகிறவர், யாராக இருந்தாலும் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார். இந்த மூன்று வருடத்தில் என் கணவர் வெளியே போன அளவுக்கு உயிரோடு இருந்தபோதுகூடப் போனதில்லை. அந்தப் பதிலைச் சொல்ல நான் யோசிப்பதே கிடையாது. வாய் தானாகச் சொல்லிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி அடித்தது. அதே எண். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றரைக்கு இன்னொரு முறை. விடாக்கண்டனாக இருக்கிறானே என்று எரிச்சல்தான் வந்தது. மூன்று மணிக்கு ஒரு மெசேஜ்.

“சார் வந்துட்டாகளா அக்கா. டாக்டரம்மா கேட்டுக்கிட்டே இருக்காக. சார் வருவாகன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அதை நான் மூன்று முறை படித்தேன், புரூஃப் பார்க்கிற மாதிரியே. ஏமாற்றுகிறவனின் மெசேஜில் ஓர் அவசரம் இருக்கும், ஒரு மிரட்டல் இருக்கும், தொடச் சொல்லி ஒரு லிங்க் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. எதையும் தா என்றுகூடக் கேட்கவில்லை. காத்திருக்கிறேன் என்று மட்டும் இருந்தது.

நானே அந்த எண்ணுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு அம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார் வந்துட்டாகளாக்கா?”

“தம்பி, இந்த நம்பர் உங்களுக்கு எங்கன கெடச்சது?”

“ஆப்புலதான்க்கா. இருங்க, அனுப்புறேன்.”

பேசிக்கொண்டே ஒரு படத்தை அனுப்பினார். புதிதாக வந்திருக்கிற ஓர் ஆப். நம் மாவட்டத்து ஆட்கள் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் என்று மேலே போட்டிருந்தது. அதன் கீழே ‘ரத்தம் கொடுப்போர்’. அதில் ஐந்தாவது வரியில் என் கணவரின் பெயர், எண், ரத்த வகை, ‘எந்நேரமும் அழைக்கலாம்’ என்ற வாசகம். பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். அதன் கீழே பொடி எழுத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’.

அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “தம்பி, அவுக இல்ல. இறந்து மூணு வருஷமாச்சு.”

அவர் கோபமே இல்லாமல், புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“பெறகு எதுக்குக்கா வெளிய போயிருக்காகன்னு சொன்னீக?”

அவரே போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசைதான். உட்காரவில்லை. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது என் கணவர் எழுதியது. ‘எந்நேரமும் அழைக்கலாம்’ என்பது அவருடைய வாசகம். சிவகாசியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தவர் அவர். சீசனில் வடக்கே போகிற பட்டாசு லோடுகளுக்கு லாரி பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய இணையக் குழு ஒன்றில் கிடப்பார். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் அதில் இருந்தார்கள். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்கு என்னென்ன நகல் எடுத்துப் போக வேண்டும், சாத்தூரில் எந்த ரயில் நிற்கும், எந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருப்பார் என்று யார் கேட்டாலும் இவர் பதில் எழுதுவார். சாப்பாட்டுத் தட்டு காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு அந்தக் குழுவின் மேல் நல்ல கடுப்பு.

ரத்தப் பட்டியலை மட்டும் அவர் வேறு விதமாக வைத்திருந்தார். எழுதிப் போட்டதோடு விடமாட்டார். ஒவ்வொரு வருடமும் ஆடி மாதம், சீசன் சூடு பிடிக்கும் முன்பு, பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். “நல்லாருக்கீகளா? ஊர்லதான் இருக்கீகளா? இந்த வருசமும் பேரு இருக்கட்டுமா?” இதே மூன்று கேள்விகள்தான், ஒருவர் விடாமல். மாற்றங்களைப் பதிவின் கீழே பின்னூட்டமாகப் போட்டுக்கொண்டே போவார். இவர் துபாய் போய்விட்டார், இவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, இவருடைய நம்பர் மாறிவிட்டது என்று. பதிவைவிடப் பின்னூட்டங்கள்தான் நீளம். ஆப்பில் இருந்தது மேலே இருக்கிற பட்டியல் மட்டும். அதற்குக் கீழே நடந்த எதுவும் அங்கே இல்லை.

அவர் போன பிறகு அந்தக் குழுவை நான் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டே போனேன். கடைசியில் வரிசையாக இரங்கல்கள். அதில் முதலாவதாக, அவரோடு புக்கிங் ஆபீஸில் இருந்த நண்பர் எழுதியிருந்தார்: ‘இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் இன்று காலை காலமானார். இனி யார் பார்ப்பது என்று தெரியவில்லை.’ அழுவதற்கு அது நேரமில்லை. இரங்கல்களுக்கும் கீழே, ஒரு வருடம் கழித்து யாரோ போட்ட ஒரு பின்னூட்டம் கண்ணில் பட்டது. ‘ஓ நெகட்டிவ். சாத்தூர். என் நம்பர் மாறிவிட்டது. சார் இருந்தால் ஆடி மாதம் அவரே கேட்டிருப்பார். அவர் இல்லாததால் நானே போடுகிறேன்.’

அந்தப் புது எண்ணுக்குப் போட்டேன். சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர். நான் யாருடைய மனைவி என்று சொன்னதும், “எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டார். பஸ் ஏறிவிட்டேன் என்று பத்தே நிமிடத்தில் மெசேஜ் அனுப்பினார். நானும் கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில், நாங்கள் இரண்டு பேரும் முன்பின் பார்த்திராத அந்த விஸ்வநத்தத்துக்காரரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பட்டாசு வேலை பார்க்கிறவர்களின் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரத்த வங்கிக்கு வெளியே அந்தக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. சாத்தூர்க்காரரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார் என்று சொல்வதுதான் சரி. அவருடைய மாமியார்தான் என்னிடம் பேசினார்.

“காலையிலயே ரெண்டு பயலுக வேற எங்கயாவது கேட்டுப் பாக்கோம்னு சொன்னானுக. இவருதான் வேண்டாம், ஒரு சாரு வாராக, சொல்லிருக்காக, பெறகு அவுகள வரச்சொல்லிட்டு திருப்பி அனுப்புனா நல்லாருக்காதுன்னுட்டாரு.”

அந்த அம்மாளுக்கு அந்தச் சார் என் வீட்டுக்காரர் என்று தெரியாது. நான் சொல்லவும் இல்லை. பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை, ஐந்து மணி நேரம், ஒரு செத்த மனிதரின் மரியாதையைக் காப்பாற்ற அந்தப் பையன் வேறு யாரையும் தேடாமல் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சாத்தூர்க்காரர் ஒரு யூனிட் கொடுத்தார். இன்னொரு யூனிட் மதுரையிலிருந்து வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கையில் ரத்தம் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்த டாக்டரம்மா, ஏழு மணிக்கு ஆபரேஷன் செய்தார். பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். இதைச் சொன்னால் எல்லோரும், அதான் ஒன்றும் ஆகவில்லையே, விடு என்கிறார்கள். ஒன்றும் ஆகாமல் போனதில் என் பங்கு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கடையில் இறங்கினேன். என் நாத்தனார் மகனுடைய கடை. ஆப்பின் கடைசிப் பக்கத்தில் அவன் பெயரும் படமும் இருந்தது, முதல் நாள் ராத்திரியே அதைத் திறந்து பார்த்துவிட்டேன். கடை, அச்சகப் பங்கு, இப்போது ஆப் என்று எதையாவது புதிதாகச் செய்துகொண்டே இருப்பான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் சிரித்துக்கொண்டே பேசினால் நான் என் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

“வாங்க அத்தை. சாப்பிட்டீகளா?”

“அந்த ஆப் நீ பண்ணதுதானலே?”

“ஆமா அத்தை, பாத்தீகளா? நல்லாருக்கா?” முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்தபோது இவனுக்கு உண்மையிலேயே தெரியாதோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நான் நீடிக்க விடவில்லை. போனைத் திறந்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“ஏலே, நீ தோள் குடுத்துத் தூக்கிட்டுப் போன ஆளுலே. பெறகு எப்படிலே பச்சை டிக் போட்ட?”

அவன் அந்த வரியைப் படித்தான். முகம் செத்துப்போனது. கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நான் போடல அத்தை. பழைய குழுவுல இருந்து மொத்தமா எடுத்துப் போட்டோம். ஆயிரக்கணக்குல இருந்துச்சு. எடுத்துப் போட்டா டிக் தானா விழுந்துரும், அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கு. ஒண்ணொண்ணா யாரும் பாக்கல.”

“எதுக்குலே மொத்தமா எடுக்கணும்?”

“புதுசா ஆப் தொறந்து உள்ள வர்றவுக காலியாப் பாத்தா திரும்பி வரமாட்டாக அத்தை. கேள்வி ஒண்ணு இருந்து பதில் நாலு இருந்தாத்தான், ஓகோ இங்கன ஆளு இருக்குன்னு நம்பி அவுகளும் எழுதுவாக. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்காக.”

நான் அவனுக்குப் பின்னால் இருந்த அலமாரிகளைப் பார்த்தேன். பட்டாசுக் கடைகளில் உரிமத்தில் சொன்ன அளவுக்கு மேல் சரக்கு வைக்கக்கூடாது. ஆனால் கடை நிறைந்து தெரிய வேண்டும். அதனால் கூரைவரை அடுக்கி வைத்திருப்பதெல்லாம் காலிப் பெட்டிகள், மேலே பளபளவென்று லேபிள். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். புதுக் கடை திறந்தால் முதல் வேலையே சொந்தக்காரர் கடைகளில் போய்க் காலிப் பெட்டி வாங்கி வந்து அடுக்குவதுதான். இவன் வளர்ந்ததே அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்.

“மேல இருக்கது பூராம் காலிப் பெட்டிதான?” என்றேன்.

“ஆமா.”

“வந்தவுக கேட்டா என்ன செய்வ?”

“கீழ இருந்து சரக்கு எடுத்துக் குடுப்பேன்.”

“அந்த லிஸ்ட்டக் கேட்டா கீழ இருந்து யாரலே எடுத்துக் குடுப்ப?”

அவன் அங்கேயே உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டு, அந்தப் பட்டியலைத் தூக்கச் சொன்னான். தூக்கியதை நான் பார்த்த பிறகுதான் எழுந்தேன். வாசல்வரை வந்தவன் மெதுவாகச் சொன்னான்.

“அத்தை, அந்தப் பழைய குழுவ நடத்துற கம்பெனிக்காரன் நாளைக்கே மூடிட்டான்னா மாமா எழுதுன அம்புட்டும் போயிரும். அது எங்கயாவது இருக்கட்டும்னும் நெனச்சேன். பொய் சொல்லல.”

இதுதான் என்னை இன்றுவரை படுத்துகிறது. அவன் சொன்னது நியாயம். அந்தக் குழுவை இப்போது பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாதிக்கு மேல் விளம்பரமும் வசவும்தான். என்றைக்காவது ஒரு நாள், நாம் யாரென்றே தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினால் என் கணவர் எழுதிய எல்லாமே காணாமல் போகும். அவருடைய கையெழுத்தில் என்னிடம் இருப்பது மளிகைச் சீட்டுகள் மட்டும்தான். மற்றதெல்லாம் அந்தக் குழுவில்தான் கிடக்கிறது. அதை இன்னொரு இடத்தில் எடுத்து வைத்தால் எனக்குக் கசக்குமா?

கசக்காது. ஆனாலும் சம்மதம் வரவில்லை. மாமாவுக்காக எடுத்தாயா, கடை நிறையட்டும் என்று எடுத்தாயா என்று அவனைக் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. காலண்டர் அச்சகத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, பழையதிலிருந்து எடுக்கக்கூடாது என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பிழைப்பே போன வருடத்து ஃபைல்தான். ஆனால் எங்கள் அச்சகத்தில் அந்த ஃபைலைத் திறக்கும்போதே பக்கத்தில் ஒருத்தி பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருப்பாள். சூலக்கரைக்கு எந்த நகல் வேண்டும் என்று அவர் எழுதியது அப்போது சரி. இப்போது அந்த ஆபீஸில் பாதி வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. அந்தப் பதிலை நம்பிப் போகிறவர் ஒரு பஸ் டிக்கெட்டோடு தப்பித்துவிடுவார். ரத்தத்தை நம்பிப் போகிறவர் என்ன செய்வார்? எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும், எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்க வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொன்னால் அப்படியெல்லாம் செய்தால் ஆப் நடத்த முடியாது அத்தை என்கிறான். முடியாமல் இருந்தால் அது யாருடைய குற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

பட்டியலை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சகத்தின் பின்பக்கம் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டேன். நல்லாருக்கீகளா, ஊர்லதான் இருக்கீகளா, பேரு இருக்கட்டுமா. ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. “யாரு நீங்க? எந்த ஆஸ்பத்திரி? என் நம்பர் எப்படிக் கெடச்சது?” என்று பாய்ந்தார்கள். ஒருவர் போலீஸில் சொல்வேன் என்றார். சபாஷ் என்று சொல்லத் தோன்றியது. நானும் அப்படித்தானே இருந்தேன். ஒரு பாதி எண்கள் உயிரோடு இல்லை. சிலர் இடம் மாறியிருந்தார்கள். சரி என்று சொன்னவர்களைக் கை விரல்களில் எண்ணிவிட முடியாது, ஆனால் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் எண். பட்டியலில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. எடுத்தது ஒரு பெண். நான் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

“அவுக வெளிய போயிருக்காக” என்றாள். யோசிக்காமல், உடனே.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரலை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். நான், “எங்க வீட்டுக்காரரும் மூணு வருஷமா வெளியதான்மா போயிருக்காக” என்றேன். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “கொரோனாவுல” என்றாள். அவர் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எடுத்துருங்க என்று சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. சொன்னாள். பிறகு தனக்கு என்ன வகை என்று தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

நாத்தனார் மகன் புதிய பட்டியலை ஆப்பில் போடட்டுமா என்று கேட்டான். கொடுக்கவில்லை. ரத்தம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்கிறேன், என் எண்ணைப் போட்டுக்கொள் என்றேன். வருத்தம்தான் அவனுக்கு. மாதம் ஒருமுறை அந்த ஆப்பைத் திறந்து வேறு யார் பெயரையாவது தூக்கி வந்திருக்கிறானா என்று நான் பார்ப்பது அவனுக்கும் தெரியும்.

ஆனால் அவன் தூக்கிவிட்டானே தவிர, அந்தப் பழைய பட்டியல் போகவில்லை. இருந்த சில வாரங்களுக்குள் யார் யாரோ படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து வேறு ஒரு தளம் எடுத்துப் போட்டிருக்கிறது. அதிலும் டிக் இருக்கிறதாம். என் கணவரின் போன் இப்போதும் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அடிக்கிறது. எண்ணை ரத்து செய்துவிடுங்களேன் என்று அந்தச் சாத்தூர்க்காரர் சொன்னார். ரத்து செய்தால் நம்பர் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் வரும், சிக்னல் இல்லாத இடத்துக்கு வெளியே போயிருப்பார் என்று நினைத்து யாராவது காத்திருப்பார்கள். அதனால் வைத்திருக்கிறேன்.

போனை இப்போது மடியிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். யாருடைய குரல் என்று சந்தேகப்படுவதை நான் விட்டுவிடவில்லை. ஏமாற்றுகிறவனாகவும் இருக்கலாம், நான் தனியாக இருப்பதைத் தெரிந்துகொண்டு வீடு தேடி வருகிறவனாகவும் இருக்கலாம், பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர்கள் முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே, இந்த மூன்று வருடமும் எந்த அந்நியரிடமும் சொல்லாத அந்த வார்த்தையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

“அவுக இறந்துட்டாக. காத்திருக்காதீக. நான் சொல்ற நம்பர எழுதிக்கோங்க.”